மலையகத்துல கல்யாணம்: வெளிச்சத்த பாத்து அந்த நாளுக்கு டைம் டேபிள் போடுறது எப்படி, முழு வழிகாட்டி

கல்யாணத்துக்கு டைம் டேபிள் போட உக்காந்தா நம்ம வீடுகள்ல மொதல்ல பேசுறது முகூர்த்தம், அப்புறம் மண்டபம் எத்தன மணி வரைக்கும் நம்மகிட்ட இருக்கும், அப்புறம் சாப்பாடு. வெளிச்சத்த பத்தி யாரும் வாய் தொறக்க மாட்டாங்க, அது கெமராக்காரர் பாத்துக்குவாருன்னு விட்டுருவாங்க. கொழும்புலயோ மட்டக்களப்புலயோ அப்படி விட்டாலும் ஓரளவுக்கு ஓடும், தரை சமமா இருக்கு, சூரியன் உண்மையிலயே மறையுற வரைக்கும் வெயில் இருக்கும். நம்ம பக்கம் அப்படி இல்ல. போன்ல சன்செட் 6:13ன்னு காட்டும், ஆனா பள்ளத்துக்குள்ள இருக்குற தோட்டத்துல அஞ்சு மணிக்கே வெயில் மலைக்கு அந்தப்பக்கம் போயிருக்கும், இல்லன்னா ரெண்டு மணிக்கே மூட்டம் ஏறி எதிர்ல நிக்குற ஆளே தெரியாது.

முகூர்த்தத்த மாத்த ஏலாது, மலைய நகர்த்த ஏலாது, மத்த எல்லாத்தயும் நகர்த்தலாம். கீழ எழுதிருக்குற முழுசும் அந்த ஒரு கணக்குதான். கல்யாணம் பண்ணப்போற புள்ளைங்களுக்கும் அவங்களுக்காக ஓடுற அண்ணன் அக்காமாருக்கும் எழுதுறேன், கெமரா தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்ல.

மொதல்ல, எந்த மாசம், மலையோட எந்தப் பக்கம்

மலையகம்னு ஒரே பேரு, ஆனா வானிலை ரெண்டு. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் மேற்குப் பக்கம், அங்க மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவமழை. பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளை, பசறை எல்லாம் ஊவாப் பக்கம், அங்க அதே மாசங்கள்ல காத்து காஞ்சு அடிக்கும், மழ கொறவு. டிசம்பர் ஜனவரியில இது தலைகீழா திரும்பும், வடகீழ் பருவமழை பதுளைப் பக்கம் ஊத்தும், ஜனவரி நடுவுக்கு அப்புறம் மேற்குப் பக்கம் வெள்ளன வானம் கண்ணாடியா இருக்கும்.

இத ஞாபகம் வச்சுக்குறதுக்கு தோட்டத்து ஆளுங்களுக்கு சுலபமான வழி ஒண்ணு இருக்கு, தேயிலை குவாலிட்டி சீசன். டிம்புள்ள, நுவரெலியா தேயிலைக்கு நல்ல விலை வர்றது ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும், ஊவா தேயிலைக்கு ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும். காஞ்ச காத்தும் குளிர்ந்த ராத்திரியும் தெளிஞ்ச பகலும் இருந்தாதான் அந்த வாசம் கொழுந்துல ஏறும், அதே பகல்தான் போட்டோவுக்கும் வேணும். அதனால தை, மாசி கல்யாணம்னா ஹட்டன் நுவரெலியா பக்கம், ஆவணிக் கல்யாணம்னா பண்டாரவளை ஹப்புத்தளை பக்கம் மண்டபம் பாக்குறது நல்லது. ரெண்டு வீடும் ரெண்டு பக்கமா இருந்து எங்க வைக்கிறதுன்னு பேச்சு வந்தா இத ஒரு காரணமா சொல்லுங்க, பெரியவங்களுக்கு உடனே புரியும்.

மார்ச் ஏப்ரல், அப்புறம் ஒக்டோபர் நவம்பர், இந்த இடைப்பட்ட மாசங்கள்ல ரெண்டு பக்கமும் ஒரே கதைதான். காலையில தெளிவு, மத்தியானம் மேகம் கட்டும், ரெண்டு மூணு மணிக்கு மேல இடியோட மழ. இந்த மாசங்கள்ல சாயங்கால வெளிச்சத்த நம்பி எதயும் எழுதாதீங்க, எல்லாத்தயும் பகல் பன்னெண்டுக்கு முன்னாடி முடிங்க.

ஏப்ரல்ல நுவரெலியாவுல சீசன் வேற, கிரகரி வாவி பக்கம் வண்டி நகராது, ஹோட்டல் விலையும் ஏறிரும். அதே மாதிரி டிசம்பர் போயாவுல இருந்து வெசாக் போயா வரைக்கும் சிவனொளிபாத மலை சீசன், சனி ஞாயிறுல ஹட்டன் மஸ்கெலியா ரோட்டுல யாத்திரை வண்டி வரிசையா நிக்கும், வழக்கமா ஓடுற நேரத்த அங்க நம்ப வேணாம்.

சூரியன் நம்ம ஊர்ல எப்படி நடக்குது

நாம பூமத்திய ரேகைக்கு ஏழு டிகிரி வடக்க இருக்கோம், அதனால சூரியன் சாஞ்சு சாஞ்சு எறங்காம நேரா கீழ எறங்கும், மணிக்கு கிட்டத்தட்ட 15 டிகிரி. இணையத்துல கோல்டன் அவர்னு வெளிநாட்டுக்காரங்க எழுதுறத படிச்சிட்டு முழுசா ஒரு மணி நேரம் இருக்கும்னு நெனச்சிராதீங்க. இங்க நல்ல மஞ்ச வெளிச்சம் அரை மணி நேரம், மிஞ்சிப்போனா நாப்பது நிமிஷம். சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் வானம் நீலமா இருக்குறது இருவது நிமிஷத்துக்கு கொஞ்சம் கூட, அதுக்குள்ள இருட்டிரும்.

நேரமும் வருஷம் முழுக்க ஒண்ணா இருக்காது. நுவரெலியாவுல தை மாச நடுவுல சூரியன் எழும்புறது 6:25 போல, மறையுறது 6:13 போல. ஆவணியில 6:00க்கும் 6:16க்கும். கார்த்திகை தொடக்கத்துல 5:58க்கு எழும்பி 5:46க்கே மறைஞ்சிரும், அதாவது தை கடைசியோட ஒப்பிட்டா சாயங்காலம் அரை மணி நேரம் காணாம போயிருக்கும். போன தையில நடந்த அக்கா கல்யாணத்து டைம் டேபிள எடுத்து அப்படியே கார்த்திகைக்கு போட்டா அந்த அரை மணி நேரத்துலதான் அடி விழும்.

இன்னொரு விஷயம் ரொம்ப பேரு யோசிக்கிறதில்ல. ஏப்ரல் தொடக்கத்துலயும், ஆகஸ்ட் கடைசி செப்டம்பர் தொடக்கத்துலயும் சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல வரும். பங்குனி சித்திரையும் ஆவணியும் கல்யாண மாசம். அந்த நாட்கள்ல பதினொன்னுல இருந்து ஒன்றரை வரைக்கும் வெளிய நின்னா நெத்திச்சுட்டி நிழல் மூக்குல விழும், கண் ரெண்டும் குழியா தெரியும், எவ்வளவு பெரிய கெமராவா இருந்தாலும் அதுக்கு மருந்து இல்ல. தை மாசத்துல அதே பன்னெண்டு மணிக்கு சூரியன் தெக்கால சாஞ்சு நிக்கும், சமாளிச்சிக்கலாம்.

இடத்த போய் பாக்குறது, அதே நேரத்துல

இந்த வேலைய மட்டும் யாரும் தட்டிக் கழிக்க வேணாம். மண்டபம், பொண்ணு வீடு, போட்டோ எடுக்கப்போற மலை, இந்த மூணையும் கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடியாவது எந்த மணிக்கு அங்க நிக்கப்போறீங்களோ அதே மணிக்கு போய் பாருங்க. பன்னெண்டு மணிக்கு போய் மண்டபத்த பாத்துட்டு காலை எட்டு மணி வெளிச்சத்த முடிவு பண்ண ஏலாது.

அங்க நின்னுக்கிட்டு மேற்குப் பக்கம் கைய முழுசா நீட்டி முஷ்டிய மடக்கி பிடிங்க. நீட்டின கையில ஒரு முஷ்டி உயரம் ஏறக்கொறைய பத்து டிகிரி. சமதரை உயரத்துல இருந்து எதிர் மலையோட உச்சி வரைக்கும் எத்தன முஷ்டின்னு அளந்து பாருங்க, ஒரு முஷ்டிக்கு நாப்பது நிமிஷம் கழிச்சுக்கணும். எதிர் மலை ஒன்றரை முஷ்டி உயரம்னா சன்செட் நேரத்துல இருந்து ஒரு மணி நேரத்த கழிங்க, 6:13ன்னு போன் சொன்னா ஒங்க இடத்துல 5:13க்கு வெயில் முடிஞ்சிது. கெழக்குப் பக்கமும் அதே கணக்கு, 6:25க்கு உதயம்னாலும் ஒரு முஷ்டி மலை இருந்தா வாசலுக்கு வெயில் வர ஏழு தாண்டிரும்.

ஒரு எச்சரிக்கை, சூரியன் எப்பவும் நேர் மேற்குல மறையுறதில்ல. டிசம்பர் ஜனவரியில தெக்குப் பக்கம் ரெண்டு முஷ்டி தள்ளி மறையும், ஜூன்ல அதே அளவு வடக்கால. பள்ளத்துல ரெண்டு முஷ்டி தள்ளிப்போனா வேற மலை, வேற உயரம். வேற மாசத்துல போய் பாக்குறதா இருந்தா சன் சர்வேயர், போட்டோபில்ஸ் மாதிரி ஒரு ஆப்புல கல்யாணத் தேதிய போட்டு போன தூக்கிப் பிடிச்சா சூரியன் எந்த வழியா போகும்னு கோடு காட்டும்.

ஊவாப் பக்கம் தெக்க பாத்த மலை விளிம்புகள், ஹப்புத்தளை மாதிரி இடங்கள்ல எதிர்ல மறைக்க ஒண்ணும் இல்ல, கீழ சமவெளி வரைக்கும் திறந்து கிடக்கும். ஆனா அங்க மூட்டம் கீழ இருந்து ஏறும், லிப்டன் சீட்ல விடிய நின்னவங்களுக்கு தெரியும், காலை ஒம்பது பத்துக்கு மேல ஒண்ணுமே தெரியாத நாள்தான் அதிகம். திறந்த மலைன்னா விடியற்காலை, பள்ளம்னா மலை தாண்டி வெயில் எறங்குற எட்டு எட்டரை, இத மனசுல வச்சா பாதி வேலை முடிஞ்சிது.

போற வழியில தேயிலை மலைய கவனிங்க. கவ்வாத்து வெட்டின, அதாவது தேயிலைச் செடிய கழிச்சு விட்ட மலைன்னா வெறும் குச்சிதான் நிக்கும், பச்சை திரும்ப மாசக்கணக்குல ஆகும். போன வருஷம் யாரோ எடுத்த போட்டோவ பாத்து அந்த மலைதான் வேணும்னு முடிவு பண்ணிட்டு அன்னைக்கு போய் நின்னா அங்க குச்சி நிக்கலாம். கங்காணிகிட்டயோ ஒப்பிஸ்லயோ கேட்டா எந்த மலை எப்ப கவ்வாத்துன்னு சொல்லிருவாங்க. அப்படியே தோட்டத்து மெனேஜர் தொரைகிட்ட அனுமதியும் கேட்டு வாங்கிருங்க. டிரோன் விடுறதா இருந்தா சிவில் விமான சேவைகள் அதிகார சபை அனுமதி வேணும், கெமராக்காரர்கிட்ட அது இருக்கான்னு முன்கூட்டியே கேளுங்க.

முகூர்த்தமும் ராகு காலமும்

ஐயர்கிட்ட முகூர்த்தம் குறிக்கப் போகும்போது அந்த நாள்ல எத்தன நல்ல நேரம் இருக்குன்னு கேளுங்க. ஒண்ணுதான்னா ஒண்ணு, அத மதிச்சு மத்தத போடுவோம். ரெண்டு இருந்தா காலை எட்டரைக்கும் பத்தரைக்கும் நடுவுல வர்றத எடுங்க. எந்த மாசமா இருந்தாலும் மலையில அதுதான் நம்பக்கூடிய நேரம், வெயில் பள்ளத்துக்குள்ள வந்திருக்கும், மூட்டம் இன்னும் ஏறிருக்காது, பெரியவங்களும் இருட்டுறதுக்கு முன்னாடி வீடு திரும்பலாம்.

ராகு காலத்த ஒதுக்கித் தள்ளாதீங்க. கெமராக்காரரு அஞ்சு மணிக்கு வாங்கன்னு கூப்புடுவாரு, ஆச்சி வாசல்ல நின்னு ராகு காலத்துல பொண்ண வெளிய எறக்காதன்னு சொல்லும், நடுவுல மாப்பிள்ளை முழிச்சிக்கிட்டு நிப்பாரு. ஞாயித்துக்கிழமை ராகு காலம் சாயங்காலம் 4:30ல இருந்து 6:00 வரைக்கும், நம்ம ஆளுங்க கல்யாணம் நெறைய ஞாயிறுலதான், நல்ல வெளிச்சமும் அதே நேரம்தான். இதுக்கு வழி என்னன்னா 4:30க்கு முன்னாடியே கிளம்பி அந்த இடத்துல போய் எறங்கிருங்க, ராகு காலத்துல புதுசா ஒண்ணும் தொடங்கல, எங்கயும் கிளம்பல, ஆச்சிக்கும் மனசு குளிரும். மாப்பிள்ளை வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கிறத ஆறு மணிக்கு அப்புறம் வச்சுக்கோங்க. தை மாசம்னா 6:13க்கு சூரியன் மறைஞ்சு 6:35 வரைக்கும் வானம் நீலமா இருக்கும், அந்த நேரத்துல வாசல்ல ஆரத்தி எடுத்தா தட்டுல எரியுற சூடத்தோட வெளிச்சம் ரெண்டு மொகத்துலயும் விழும், பின்னால மலையும் நீலமும். வழக்கமும் வெளிச்சமும் இவ்வளவு அழகா சேர்ற நேரம் அந்த நாள்ல வேற இல்ல, தயவுசெஞ்சு அத வேன்ல உக்காந்து கடத்திராதீங்க.

சனிக்கிழமைன்னா ராகு காலம் 9:00 – 10:30, வெள்ளின்னா 10:30 – 12:00, திங்கள் 7:30 – 9:00. சனி, வெள்ளியில சாயங்காலம் தடையில்ல, திங்கள்ல பொண்ணு வீட்டுல இருந்து கிளம்புறத 7:30க்கு முன்னாடி முடிக்கணும், அப்ப டிரெஸ்ஸிங் இன்னும் வெள்ளன தொடங்கணும்.

பொண்ணு வீடு, காலை

லயத்து வீடா, அதாவது வரிசையா ஒட்டிக் கட்டின தோட்டத்து வீடா இருந்தா ஹோட்டல்ல ரூம் எடுத்துதான் டிரெஸ்ஸிங் போட்டோ எடுக்கணும்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, வீடு சின்னதா இருக்கேன்னு கூச்சப்படுறாங்க. நான் மனசார சொல்றேன், இஸ்தோப்புல, அதாவது வீட்டு முன் விறாந்தையில, விழுற காலை வெளிச்சம் எந்த ஹோட்டல் ரூம்லயும் கெடைக்காது. மேல கூரை இருக்கு, முன்னால தொறந்து கெடக்கு, வானத்து வெளிச்சம் ஒரு பக்கமா மெதுவா வரும், நகையும் பட்டும் அதுல சரியா தெரியும். பொண்ண இஸ்தோப்பு விளிம்புல இருந்து ஒரு அடி உள்ள தள்ளி வெளிய பாக்க நிக்க வைங்க, உள்ள எரியுற பல்ப அணைச்சிருங்க, மஞ்ச பல்பும் வெளி வெளிச்சமும் சேந்தா மொகம் ஒரு பக்கம் மஞ்சளாவும் ஒரு பக்கம் நீலமாவும் வரும்.

டிரெஸ்ஸிங் பண்ற அக்காகிட்ட பேசும்போது பொண்ணு மண்டபத்துக்கு கிளம்புற நேரத்த சொல்லாதீங்க, இஸ்தோப்புல நிக்கவேண்டிய நேரத்த சொல்லுங்க, அதுலயும் அரை மணி நேரம் முன்னாடியே சொல்லி வைங்க. காலையில அம்மாவும் ஆயத்தமா இருக்கணும், இத ரொம்ப அழுத்தி சொல்றேன், எல்லா வீட்டுலயும் அம்மா கடைசி வரைக்கும் அடுப்படியில நிப்பாங்க, அப்புறம் அவசரமா சாரி கட்டுவாங்க, பொண்ணும் அம்மாவும் தனியா நிக்குற ஒரு நல்ல படம் கூட இருக்காது. அம்மா கொழுந்து பறிச்ச மலை வீட்டுக்குப் பின்னாலதான் இருக்கும், அந்த மலையடியில அம்மாவும் பொண்ணும் ஒரு பத்து நிமிஷம். ஏழு ஏழரைக்கு.

மணவறை

ஐயருமார் பொதுவா பொண்ணு மாப்பிள்ளைய கெழக்கு பாத்து உக்கார வைப்பாங்க, காலையில கெழக்குப் பக்கம் கதவோ பெரிய ஜன்னலோ இருக்குற மண்டபம்னா மொகத்துக்கு நேரா வெளிச்சம் வந்துரும். இடத்த பாக்கப் போகும்போது போன்ல திசைகாட்டிய போட்டு கெழக்கு எங்கன்னு பாருங்க. அந்தப் பக்கம் சுவரா இருந்தா டெகரேஷன்காரர்கிட்ட பேசி மணவறைய பக்கத்து ஜன்னலுக்கு கிட்ட கொண்டுவாங்க, திசை மாத்தாம இடத்த மட்டும் நகர்த்துறதுக்கு எந்த ஐயரும் மறுப்பு சொல்ல மாட்டாரு. ஜன்னலுக்கு திரை போட்டு மூடி உள்ள கலர் எல்இடி எரிக்கிறதுதான் இப்ப நெறைய மண்டபத்துல நடக்குது, ஊதாவும் பச்சையும் மாறி மாறி பொண்ணு மொகத்துல விழும், தாலி கட்டுற படத்துலயே பச்சை மொகம் வந்துரும். சடங்கு நடக்குற வரைக்கும் வெள்ளை லைட் மட்டும், திரைய தொறந்து வைங்க, கலர் லைட் சாயங்காலம் பார்ட்டிக்கு எரியட்டும்.

ஓமப்புகை பக்கத்து ஜன்னல் வெளிச்சத்துல வந்தா அருமையா தெரியும், ஆனா குளிருதுன்னு எல்லா ஜன்னலையும் சாத்திட்டா புகை தங்கி எல்லாருக்கும் கண் எரியும். காத்து அடிக்கிற பக்கத்த சாத்தி மறுபக்கத்த தொறந்து விடுங்க. கோவில்ல கல்யாணம்னா மூலஸ்தானத்துப் பக்கம் கெமரா விடமாட்டாங்க, எது வரைக்கும் வரலாம்னு குருக்கள்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சிக்கணும், அன்னைக்கு நின்னு வாக்குவாதம் வேணாம்.

குடும்பப் படம்

தாலி ஏறின உடனே எல்லாரும் சாப்பாட்டுக்கு ஓடுவாங்க. அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் பிடிச்சு வச்சிக்கணும். வெளிய போர்ட்டிகோ மாதிரி ஒரு கூரை நிழல் இருந்தா அங்க, இல்லன்னா மண்டபத்தோட நிழல் விழுற பக்கம், வெயில்ல நிறுத்தாதீங்க, எல்லாரும் கண்ண சுருக்குவாங்க. யார் யார் எந்த படத்துலன்னு ஒரு பட்டியல் எழுதி சத்தமா கூப்புடுற ஒரு மாமாகிட்ட குடுங்க. ஆச்சி தாத்தா மொதல்ல, கைக்கொழந்தைக்காரங்க அடுத்து, தூரத்து தோட்டத்துல இருந்து பஸ் பிடிச்சு வந்தவங்க அதுக்கு அடுத்து, கூட்டாளிமார் கடைசி. மேடையில மொய் வரிசை தொடங்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்கு பொண்ணு மாப்பிள்ளை அசைய ஏலாது.

ஜோடிப் படம் எங்க, எப்படி

தேயிலைக்கு நடுவுல நின்னு எடுக்க எல்லாருக்கும் ஆசை. ஆனா சுத்திவர பச்சை, வெயில் அந்த எலையில பட்டு தாடைக்கு அடியில பச்சையா அடிக்கும், கொஞ்சம் வெளுத்த தோல்ல இன்னும் நல்லா தெரியும். செடிக்குள்ள எறங்காம ஓரத்து ரோட்டுலயோ பாறையிலயோ நில்லுங்க, மலை பின்னால வரட்டும், கெமராக்காரர்கிட்ட வெள்ளை ரிஃப்ளெக்டர் இருந்தா நெஞ்சுக்குக் கீழ பிடிக்கச் சொல்லுங்க. சாரிக் கரையும் நனையாது, அட்டையும் ஏறாது. மழ மாசத்துல அட்டைக்கு உப்பு ஒரு சரையில கொண்டு போங்க.

செவப்புக் கூரைச் சாரிக்கு நேர் வெயில் ஆகாது, செவப்பு தீஞ்ச மாதிரி ஒரே கட்டியா வரும், சரிகை வேலைப்பாடு மறைஞ்சிரும். மேகம் போட்ட வெளிச்சத்துல அதே சாரிய எடுத்துப் பாருங்க, ஒவ்வொரு இழையும் தெரியும். அதனால வெயில் இல்லன்னு மொகத்த சுருக்க வேணாம்.

மூட்டத்த பத்தி தனியா சொல்லணும். மூட்டம் வந்தா கல்யாணப் படம் கெட்டுப்போச்சுன்னு அழுதவங்கள பாத்திருக்கேன், அப்புறம் அல்பத்துல அவங்களுக்கே ரொம்ப பிடிச்ச படம் அந்த மூட்டத்துல எடுத்ததாத்தான் இருக்கும். மூட்டத்துல தூரம் எடுபடாது, கெமராவுக்கு கிட்ட வாங்க, பின்னால ஒரு மரமோ ரெண்டு மரமோ மங்கலா தெரிஞ்சா போதும், வெளுத்த கலர் சாரிய விட செவப்பு, மயில் நீலம், மாம்பழ மஞ்சள் நல்லா எடுத்துக் காட்டும். கெமரா கொஞ்சம் தெரிஞ்ச தம்பிமாருக்கு, வெள்ளை மூட்டத்த பாத்து கெமரா படத்த இருட்டாக்கும், முக்கால் ஸ்டொப்புல இருந்து ஒரு ஸ்டொப் வரைக்கும் ஏத்திக்கோங்க. குளிர்ல இருந்து சூடான மண்டபத்துக்குள்ள வந்தா லென்ஸ்ல ஆவி படியும், பையிலயே வச்சு பத்து நிமிஷம் விட்டு எடுக்கணும்.

இடத்த பொறுத்தவரைக்கும் என் அபிப்பிராயம், கல்யாண நாள்ல மண்டபத்துல இருந்து இருவது நிமிஷத்துக்கு மேல எங்கயும் போகாதீங்க. ஹட்டன்ல கல்யாணத்த வச்சிட்டு நுவரெலியாவுக்கு போட்டோவுக்கு போனா ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு கொறையாது, வளைவுல பொண்ணுக்கு தலை சுத்தும், போய் சேரும்போது வெளிச்சம் இருக்காது. எல்ல ஒன்பது வளைவுப் பாலம், லிப்டன் சீட், இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்குற பிரீ ஷூட்டுக்கோ ஹோம்கமிங்குக்கு அடுத்த நாளுக்கோ தள்ளிப் போடுங்க. பாலத்துக்கு விடிய போங்க, கூட்டம் இருக்காது, அது பள்ளத்துல காட்டுக்கு நடுவுல இருக்குறதால நேர் வெயில் வர்ற வரைக்கும் மெதுவான வெளிச்சம் கெடைக்கும். 1921ல கட்டி முடிச்ச அந்தப் பாலத்துல இன்னைக்கும் ரயில் ஓடுது, தண்டவாளத்துல நின்னு எடுக்காதீங்க, பக்கத்து மேட்டுல இருந்து எடுத்தா வளைவு முழுசா வரும், அதுதான் அழகும்.

கொழுந்து பறிக்கிற அக்காமார பின்னால நிக்க வச்சு படம் எடுக்குறதா இருந்தா அவங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க. அவங்க வேலை நேரம் அது, எத்தன கிலோன்னு கணக்கு இருக்கு. நம்ம வீட்டு ஆளுங்கதான் அவங்களும்.

ஒரு மாதிரி டைம் டேபிள்

தை மாச ஞாயிறு, மேற்குப் பக்கம், முகூர்த்தம் 9:15 – 10:15, பொண்ணு வீட்டுல இருந்து மண்டபம் அரை மணி நேரம், எதிர் மலை ஒரு முஷ்டின்னு வச்சிக்குவோம்.

3:45 – டிரெஸ்ஸிங் தொடக்கம். சரியான குளிரா இருக்கும், சில வருஷம் நுவரெலியாவுல புல்லு மேல உறைபனி கூட விழும், ஹீட்டரோ கரி அடுப்போ ஆயத்தமா வைங்க.
6:40 – தாலி, மோதிரம், சாரி, மாலை, இதுகள ஜன்னலோரம் வச்சு படம்.
7:00 – பொண்ணு இஸ்தோப்புல. அம்மா, அப்பா, கூடப்பொறந்தவங்க.
7:20 – வெயில் மலைய தாண்டி எறங்கியிருக்கும், வீட்டுக்குப் பின்னால மலையடியில பத்து நிமிஷம்.
7:40 – சாமி கும்பிட்டு கிளம்புறது.
8:20 – மண்டபத்துல எறங்குறது, மாப்பிள்ளை அழைப்பு, மேளம்.
9:15 – 10:15 – தாலிகட்டு.
10:45 வரைக்கும் அம்மி, அருந்ததி, ஆசீர்வாதம். அதோட எழுத்து. பதிவாளர் மேசைய ஜன்னல் பக்கம் போடுங்க, கையெழுத்து வைக்கும்போது குனிஞ்ச மொகத்துல வெளிச்சம் விழணும்.
11:00 – 11:35 – குடும்பப் படம்.
11:40 – 11:50 – ஜோடிக்கு பத்து நிமிஷம், மண்டபத்துக்கு வெளியயே. சாயங்காலம் மழ வந்தா இந்த பத்து நிமிஷம்தான் கைகுடுக்கும், யாருக்காகவும் இத விட்டுக்குடுக்காதீங்க.
12:00 – 2:30 – மேடை, சாப்பாடு. பொண்ணு மாப்பிள்ளையும் சாப்புடணும், இதயும் எழுதியே வைங்க.
3:30 – உடுப்பு மாத்தி கிளம்புறது.
4:00 – போட்டோ இடத்துல. ராகு காலத்துக்கு முன்னாடி.
4:20 – 5:30 – ஜோடிப் படம். எதிர் மலை ஒரு முஷ்டின்னா 5:33க்கு வெயில் போயிரும், நல்ல வெளிச்சம் 4:50க்கு மேலதான், அதுக்கு முன்னாடி நிழல்ல எடுங்க.
6:05 – கிளம்புறது.
6:20 – மாப்பிள்ளை வீட்டு வாசல்ல ஆரத்தி.

ஆவணியில ஊவாப் பக்கம்னா முகூர்த்தத்துக்கு முன்னாடி எடுக்குற காலைப் படங்கள இருவது நிமிஷம் முன்னால இழுக்கலாம், உதயம் வெள்ளன. பத்தரைக்கு மேல வெளிய படம் வேணாம், மேல சொன்ன தலைக்கு நேர் வெயில், அதோட காத்து பலமா அடிக்கும், சாரி முந்தானைக்கு ஊசி கூட குத்தணும். கார்த்திகையில முக்கியமான படத்த பகல் பன்னெண்டுக்கு முன்னாடியே எடுத்துட்டு, சாயங்காலப் படத்த நாலு மணிக்கே முடிக்கிற மாதிரி போடுங்க, மழ இல்லன்னா கூடுதல் லாபம்.

மழையும் ரோட்டும்

எல்லா இடத்துக்கும் ஒரு மாத்து இடம் எழுதி வைங்க, அதுவும் கூரை உள்ள இடமா. பழைய பங்களா விறாந்தை, ஹோட்டல் கண்ணாடி ஜன்னல், கோவில் முன் மண்டபம், எது கெடைக்குதோ. வெள்ளை இல்லன்னா வெளிச்சம் ஊடுருவுற குடை ரெண்டு வாங்கி வைங்க, கறுப்புக் குடைக்கு கீழ மொகம் இருட்டும், கலர் குடைன்னா அந்தக் கலர் மொகத்துல ஏறும்.

மாத்து இடத்துக்கு போறதுன்னு எப்ப முடிவெடுக்கிறது, யாரு எடுக்கிறதுன்னும் முன்னாடியே பேசி வைங்க. மூணு மணிக்கு வானத்த பாத்து கெமராக்காரர் ஒருத்தர் சொன்னா போதும், பத்து பேர் நின்னு யோசிக்கிறதுக்குள்ள இருக்குற வெளிச்சமும் போயிரும்.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் நம்ம மலையகத்த என்ன பண்ணிச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், எத்தனையோ உயிர் போச்சு, வீடும் ரோட்டும் சரிஞ்சிது. மழ மாசத்துல கல்யாணம் வைக்கிறவங்க மொதல் நாளே வளிமண்டலவியல் திணைக்களத்து அறிவிப்பையும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் போடுற மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்க, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு மூணு நிலை வரும். ஒங்க பிரதேச செயலகப் பிரிவுக்கு செம்மஞ்சள் வந்திருந்தா வெளி இடத்துப் படத்த முழுசா விட்டுருங்க, ஆளுங்கள வேளைக்கே அனுப்பி வைங்க. படம் அடுத்த வாரம் எடுக்கலாம், அதே சாரி, அதே மாலை மாதிரி ஒரு மாலை, ஒரு காலை போதும்.

கடைசியா ஒரு வேலை. இந்த டைம் டேபிள ஒரே பக்கத்துல தமிழ்ல எழுதி, கெமராக்காரர், வீடியோக்காரர், டிரெஸ்ஸிங் அக்கா, ஐயர், மேளக்காரர், வேன் டிரைவர்மார், மண்டப மெனேஜர், ரெண்டு வீட்டுலயும் பொறுப்பெடுத்து நிக்குற மாமாமார், எல்லாருக்கும் ரெண்டு நாள் முன்னாடி அனுப்புங்க. வட்ஸ்அப்ல அனுப்பிட்டா முடிஞ்சிதுன்னு இருக்காம கால் எடுத்து வாசிச்சு காட்டுங்க, முக்கியமா டிரைவர்மாருக்கு, தோட்டத்து ரோட்டுல பாதி இடத்துல சிக்னல் இல்ல. பொண்ணு மாப்பிள்ளை கையில நேரம் பாக்குற வேலைய குடுக்காதீங்க, அன்னைக்கு அவங்களுக்கு அது பாரம். சித்தப்பா மகனோ தங்கச்சியோ யாராவது ஒருத்தர் அந்த பேப்பரோட பக்கத்துல இருந்து, இன்னும் பத்து நிமிஷம் இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கட்டும்.